தோற்றவர் எங்கே இருக்கிறார்?

இணையவழிச் சூதாட்டத்தை அரசுகள் எப்படி ஆள்கின்றன என்பதை ஆராயும் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்க அழைத்த அமைப்பாளர்களுக்கு நன்றி. எல்லாக் கட்டுரைத் தலைப்புகளையும் தொட்டுச் செல்வது தலைமையுரையின் வழக்கம். நான் ஒரே ஒரு நாட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். அது மால்டா. இன்று நீங்கள் எழுப்பப்போகும் கேள்விகளில் பெரும்பாலானவை அந்தச் சிறு தீவில் இருபது ஆண்டுகளாக நடைமுறையில் இருப்பவை.

மால்டாவின் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி அதைவிடப் பெரியது. மக்கள்தொகை ஐந்தரை லட்சத்தைத் தாண்டும். 1964இல் அந்நாடு விடுதலை பெற்றது. அதே ஆண்டில்தான் செயின்ட் ஜூலியன்ஸ் கடற்கரையில் டிராகொனாரா மாளிகை சூதாட்டக்கூடமாகத் திறக்கப்பட்டது. அங்கே நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. வெளிநாட்டவர் 18 வயதில் சூதாட்டக்கூடத்துக்குள் போகலாம். மால்டாக் குடிமகன் 25 வயதுவரை காத்திருக்க வேண்டும். தன் பிள்ளைக்கு ஏழு ஆண்டு கூடுதல் காவல், வந்துபோகிறவனுக்கு அது கிடையாது. இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லவந்ததன் வித்து இதில்தான் இருக்கிறது.

2001இல் குலுக்கல் சீட்டுகளுக்கும் பிற ஆட்டங்களுக்குமான சட்டத்தை மால்டா இயற்றியது. 2004 மே 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. தொலைவழிச் சூதாட்டத்துக்கான விரிவான விதிகளும் அதே ஆண்டில் வந்தன. ஒன்றிய நாடு ஒன்றில் உரிமம் பெற்ற சேவையை மற்ற நாடுகளிலும் வழங்கலாம் என்ற கொள்கையை நம்பி நிறுவனங்கள் வந்து குவிந்தன. ஸ்லீமாவிலும் செயின்ட் ஜூலியன்ஸிலும் அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. இன்று அந்நாட்டுப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இத்தொழிலைச் சார்ந்தது என்று மதிப்பிடுகிறார்கள்.

விதிகள் வெறும் காகிதம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். 2018இல் வந்த சூதாட்டச் சட்டம் நுணுக்கமாக நெய்யப்பட்டது. ஆட்டக்காரரோடு நேரடியாக வணிகம் செய்ய ஓர் உரிமம், ஆட்டங்களையும் மென்பொருளையும் நிறுவனங்களுக்கு வழங்க இன்னோர் உரிமம். ஒவ்வொன்றும் பத்து ஆண்டுகளுக்கு. நிறுவனத்தை எதிர்த்து ஆடும் வாய்ப்பு ஆட்டங்கள், பந்தயம், போக்கர் போல ஆட்டக்காரர்கள் தமக்குள் மோதுபவை, திறன் சார்ந்தவை என ஆட்டங்கள் நான்கு வகை. முதல் இரண்டு வகைக்கும் குறைந்தது ஒரு லட்சம் யூரோ பங்கு மூலதனம் காட்ட வேண்டும். எல்லாவற்றிலும் நான் மதிப்பது ஒரு விதியை. ஆட்டக்காரர் கட்டிவைத்த பணத்தை நிறுவனம் தன் பணத்தோடு கலக்கக் கூடாது. நிறுவனம் நொடித்துப்போனாலும் அந்தப் பணம் அவருடையதே. மால்டாவின் சூதாட்ட ஆணையம் இதைக் கறாராகக் கண்காணிக்கிறது.

ஆனால் அந்தக் காவல் எதுவரை செல்கிறது? ஆஸ்திரியாவின் ஒரு சிற்றூரில் இரவு ஒரு மணிக்குக் கைபேசியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். திரையின் அடியில் மால்டா ஆணையத்தின் முத்திரை இருக்கிறது. அதைத் தொட்டால் நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் விரிகின்றன. எல்லாம் முறைப்படி. அவர் ஆடுவது சுழல் ஆட்டம். கட்டிய பணத்தில் சராசரியாக இத்தனை விழுக்காடு திரும்பி வர வேண்டும் என்று விதி ஒரு குறைந்த அளவு வைக்கிறது. முன்பு அது 92, பிறகு 85 ஆக்கினார்கள். 85 விழுக்காடு என்றால் தாராளமாகத்தான் தோன்றும். 100 யூரோவைக் கட்டி, வந்ததை எல்லாம் மீண்டும் கட்டினால், சராசரிக் கணக்கில் முதல் சுற்றில் 85 மிஞ்சும், இரண்டாவதில் 72, ஐந்தாவதில் 44. பல ஆட்டங்கள் 96 விழுக்காடு தருகின்றன என்பதும் உண்மை. அப்போதும் இருபது சுற்றில் அதே 44க்குத்தான் வந்து நிற்கும். ஒரு சுற்றுக்குச் சில நொடிகள் போதும். ஆட்டம் நேர்மையாகவே நடந்தது, அவர் சம்பளமும் நேர்மையாகவே கரைந்தது.

அந்தச் சம்பளத்தை நம்பியிருந்த வீடு மால்டாவில் இல்லை. கடன், மணமுறிவு, மருத்துவம் எல்லாம் ஆஸ்திரியாவின் செலவு. மால்டாவிலுள்ள ஆட்டக்காரர்களிடமிருந்து கிடைக்கும் வருவாய்க்குத்தான் 5 விழுக்காடு சூதாட்ட வரி. வெளிநாட்டு வருவாய்க்கு அந்த வரி இல்லை, உச்சவரம்பு கட்டிய பங்களிப்புத் தொகை மட்டுமே. ஸ்வீடனில் 2019 முதல் ஸ்பெல்பாவுஸ் என்ற பதிவேடு இருக்கிறது. ஒருவர் அதில் ஒருமுறை பெயர் கொடுத்தால் அந்நாட்டு உரிமம் பெற்ற எல்லாத் தளங்களும் அவருக்கு மூடிக்கொள்ளும். மால்டாவின் விதியோ ஒவ்வொரு நிறுவனமும் தன் தளத்தில் விலகிக்கொள்ளும் வசதியை வைக்க வேண்டும் என்கிறது. தோற்றவர் தன் ஊரில் இருக்கும் அரசுக்கும் இல்லாத அரசுக்கும் உள்ள வேறுபாடு அது.

மால்டாவில் தவறுகளும் நேர்ந்தன. 2015 ஜூலையில் கலாப்ரியா மாஃபியாவுக்கு எதிரான இத்தாலியக் காவல்துறை நடவடிக்கையில், மால்டா உரிமம் பெற்ற நிறுவனங்கள் சிக்கின. ஆணையம் உரிமங்களை நிறுத்திவைத்தது. 2021 ஜூனில் கறுப்புப் பணத்தைத் தடுக்கும் பன்னாட்டு அமைப்பு மால்டாவைச் சாம்பல் பட்டியலில் சேர்த்தது. ஓராண்டில் அந்நாடு அதிலிருந்து வெளியே வந்தது. தவறு வெளிப்பட்டபின் திருத்திக்கொள்ளும் வலிமை அந்த அரசுக்கு உண்டு.

அதனால்தான் 2023 ஜூன் என்னை வருத்துகிறது. ஆஸ்திரிய, ஜெர்மானிய நீதிமன்றங்கள் தங்கள் நாட்டு உரிமம் இல்லாத நிறுவனங்களோடு ஆடிய ஒப்பந்தம் செல்லாது, இழந்த பணத்தைத் திருப்பிக் கொடு என்று தீர்ப்பளித்து வந்தன. தீர்ப்புகளை நிறைவேற்ற ஆட்டக்காரர்கள் மால்டாவின் கதவைத் தட்டினார்கள். மால்டா நாடாளுமன்றம் அந்த மாதம் சூதாட்டச் சட்டத்தில் 56அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. மால்டா சட்டப்படி நடந்த சூதாட்டத் தொழிலுக்கு எதிரான வெளிநாட்டுத் தீர்ப்பை மால்டா நீதிமன்றங்கள் ஏற்கவோ நிறைவேற்றவோ கூடாது என்கிறது அப்பிரிவு. ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூனில் இதற்காக மால்டா மீது விதிமீறல் நடவடிக்கையைத் தொடங்கியது. மால்டாவுக்கும் ஒரு வாதம் உண்டு: தங்கள் நாட்டில் ஏகபோக உரிமையைக் காக்கும் அரசுகள் ஒன்றியத்தின் சேவைச் சுதந்திரத்தை மீறுகின்றன என்பது. அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்த வழக்கை நீதிமன்றத்தில் வாதாடி வெல்ல வேண்டும். தோற்றவர் கையில் இருக்கும் தீர்ப்பைச் செல்லாக்காசு ஆக்குவது ஒழுங்குமுறை ஆகாது. ஆட்டக்காரரைக் காக்க எழுப்பிய வேலி அன்றைக்கு நிறுவனத்தைக் காக்கும் மதிலாகிவிட்டது.

சிறு தீவுகளின் மனக்குறை பொய்யல்ல. ஆன்டிகுவா–பார்புடா, தன் இணையவழிச் சூதாட்டச் சேவையைத் தடுத்த அமெரிக்காவை 2003இல் உலக வணிக அமைப்பில் வழக்குக்கு இழுத்து வென்றது. 2007இல் நடுவர்கள் ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் அளவுக்குப் பதில் நடவடிக்கை எடுக்கலாம் என்றார்கள். அதன் பிறகும் அமெரிக்கா கதவைத் திறக்கவில்லை. சுற்றுலாவைத் தவிர வேறு வழியறியாத நாடுகள் கணினியை நம்பிப் பிழைக்க முயன்றது குற்றமல்ல. நான் கேட்பது அந்தப் பிழைப்பின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை மட்டுமே.

இன்று கட்டுரை படிக்கவிருக்கும் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த நாட்டின் சட்டத்தை எடுத்தாலும் உரிமங்களையும் வரியையும் எண்ணி முடித்தபின், தோற்றவர் எந்த நாட்டில் இருக்கிறார், அவர் முறையிட எத்தனை எல்லைகளைக் கடக்க வேண்டும் என்பதையும் எண்ணிச் சொல்லுங்கள். 25 வயதுவரை தன் பிள்ளையைக் காத்த தீவு, அந்தக் காவலைத் தொலைவில் இருக்கும் பிள்ளைக்கும் தர வேண்டும். அதற்கான சட்ட வழிகளை இந்த அவை வகுத்துத் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.