சொல்லிப் பெறும் கழிவு

முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் கணக்கு என்னை விட்டபாடில்லை. 2023ஆம் ஆண்டில் ஒருநாள் மாலை, என்னிடம் படித்த மாணவர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். அங்கே வட கரோலினா மாநிலத்தில் பணிபுரிந்து வருபவர் அவர். "ஐயா, வீடு ஒன்று வாங்கப் போகிறேன். அதில் ஒரு கணக்கு. விடை தெரிகிறது, வழிதான் சரியா என்று தெரியவில்லை" என்றார். அந்தக் கணக்கைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

வீட்டின் விலை 4,00,000 டாலர். அதில் நூற்றுக்கு 5 பங்கு, அதாவது 20,000 டாலர், மாணவரின் கைம்முதல். எஞ்சிய 3,80,000 டாலரை, வீட்டையே ஈடாகக் கொண்டு வங்கி கடனாகத் தர இசைந்திருந்தது. பத்திரச் செலவுகளுக்கென்று விற்பவர் தம் பங்காக 8,000 டாலர் தர ஒப்புக்கொண்டிருந்தார். இவையெல்லாம் எழுத்தில் இருந்தன, வங்கியும் அறியும்.

அந்நாட்டில் வீடு வாங்குவோருக்கு ஒரு தரகரும் விற்போருக்கு ஒரு தரகருமாக இருவர் இருப்பது வழக்கம். இருவருக்கும் உரிய தரகுத் தொகை பெரும்பாலும் விற்ற பணத்திலிருந்தே கொடுக்கப்பட்டு வந்தது. என் மாணவரின் தரகருக்கு நூற்றுக்கு 3 வீதம் 12,000 டாலர் வரவேண்டும். அவர் தாமாகவே முன்வந்து, "வீட்டைத் தேடிக் கண்டவர் நீங்கள்தாம். ஆகையால் என் தரகில் 8,000 டாலரை உங்களுக்கே கழிவாகத் தந்துவிடுகிறேன்" என்றாராம். நல்ல செய்திதான். ஆனால் அதனோடு இன்னொரு சொல்லையும் சேர்த்தார்: "கிரயம் முடிந்த பிறகு காசோலையாகத் தருகிறேன். இதை வங்கிக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. நமக்குள் இருக்கட்டும்."

மாணவர் என்னிடம் கேட்டது இதுதான்: "ஐயா, வாங்கும் வீடு என்னுடையது, கொடுக்கும் பணம் அவருடையது. இதில் வங்கிக்கு என்ன வந்தது? அந்த 8,000 டாலரில் ஊரிலிருக்கும் அப்பா அம்மாவை இங்கே அழைத்து வந்து வீட்டைக் காட்டலாம் என்று எண்ணியிருக்கிறேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்கும் அதில் தவறு இருப்பதாகத் தோன்றவில்லை. தமக்கு உரிய ஊதியத்தில் ஒரு பகுதியை ஒருவர் விட்டுக்கொடுக்கிறார், மற்றவர் பெற்றுக்கொள்கிறார். இதில் யாருக்கு நட்டம்? "நாளை பேசுவோம், தம்பி" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் ஒரு தாளை எடுத்துக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

நீங்களும் போட்டுப் பாருங்கள். விலை 4,00,000. திரும்பி வருவது 8,000. ஆகவே மாணவர் உண்மையில் கொடுக்கும் விலை 3,92,000 டாலர்தான். இது என் கற்பனையன்று. அந்நாட்டு வருமானவரித் துறையும் இத்தகைய கழிவை வாங்குவோரின் வருமானமாகக் கொள்வதில்லை. விலையில் ஏற்பட்ட குறைவாகவே கொள்கின்றது. அடுத்து, கைம்முதல் 20,000. அதிலிருந்து 8,000 திரும்பி வந்துவிட்டால் மிஞ்சுவது 12,000. நூற்றுக்கு 5 என்று எழுதிக் கையொப்பமிட்ட பங்கு, நூற்றுக்கு 3 என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. வங்கியோ, நூற்றுக்கு 95 பங்குதான் கடன் கொடுத்திருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். உண்மையில் அது கொடுத்திருப்பது ஏறத்தாழ 97 பங்கு.

இரண்டு பங்குதானே என்று கேட்கலாம். வீட்டுக் கடன் என்பது, விலைக்கும் கடனுக்கும் உள்ள அந்தச் சிறு இடைவெளியின் மேல்தான் நிற்கிறது. வாங்குபவர் கடனைச் செலுத்த முடியாமற் போனால், வங்கி வீட்டை விற்றுத்தான் தன் பணத்தை மீட்க வேண்டும். அப்போது விலை இறங்கியிருந்தால் அந்த இடைவெளிதான் காப்பு. அதனால்தான் வங்கி, ஒப்பந்த விலை, மதிப்பீட்டாளர் கூறும் மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதையே அடிப்படையாகக் கொள்கிறது. அடிப்படையாகிய விலையே மெய்யானதாக இல்லாவிடில், அதன்மேல் கட்டிய கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும்.

அதோடு முடியவில்லை. அமெரிக்காவில் வீட்டுக் கடன் கொடுத்த வங்கி, அந்தக் கடனைத் தன்னிடமே வைத்துக்கொள்வது கட்டாயமன்று. 1938இல் தோன்றிய ஃபேனி மே, 1970இல் தோன்றிய ஃபிரெடி மாக் போன்ற நிறுவனங்கள் அக்கடன்களை வங்கிகளிடமிருந்து விலைக்கு வாங்குகின்றன. வாங்கிய கடன்களைத் தொகுத்து, முதலீடு செய்வோர்க்கு விற்கின்றன. ஓய்வூதிய நிதிகளும் இத்தகைய முதலீடுகளில் பணம் போடுகின்றன. ஆகவே ஒரு படிவத்தில் மறைத்த 8,000 டாலர், நாம் முகமும் அறியாத பலருடைய கணக்கில் போய்ப் பிழையாக நிற்கிறது. "யாருக்கு நட்டம்?" என்று கேட்டேனே, அதற்கு விடை இதுதான். நட்டமடைபவர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

இந்நிறுவனங்கள் அதற்கெனத் தெளிவான வரம்பும் வகுத்துள்ளன. விற்பவர், கட்டியவர், தரகர் முதலியோர் கிரயம் நடப்பதனால் பயன் பெறுபவர்கள். இவர்கள் வாங்குபவருக்குத் தரும் உதவித்தொகைக்கு ஃபேனி மே ஓர் எல்லை கட்டியிருக்கிறது. தாம் குடியிருக்க வாங்கும் வீட்டில், வாங்குபவரின் கைம்முதல் நூற்றுக்கு 10க்குக் குறைவாயின் அவ்வுதவி நூற்றுக்கு 3ஐத் தாண்டலாகாது. கைம்முதல் 10 முதல் 25க்குள் இருந்தால் 6 வரையிலும், 25 அல்லது அதற்கு மேலாயின் 9 வரையிலும் போகலாம். தாண்டிய தொகையை விலையிலிருந்து கழித்துவிட்டு, கடனை மறுபடி கணக்கிட வேண்டும். கைம்முதல் குறையக் குறைய வரம்பும் இறுகுவதைக் கவனியுங்கள். தம் பணத்தைக் குறைவாகப் போடுபவர்மேல் கோபம் கொண்டு விதித்த விதியன்று இது. இடைவெளி குறுகிய இடத்தில் எச்சரிக்கை மிகுதியாக வேண்டும் என்பதே இதன் பொருள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கழிவு குற்றமன்று. அலாஸ்கா, கான்சாஸ், ஓரிகன் முதலிய சில மாநிலங்கள் தரகர் கழிவு தருவதைத் தடுத்து வைத்துள்ளன. பெரும்பாலான மாநிலங்களில் தடையில்லை. வட கரோலினாவிலும் இல்லை. கழிவைத் தடுப்பதால் தரகர்களுக்குள் போட்டி குறைந்து மக்களுக்கே இழப்பு என்று கருதி, அமெரிக்க நீதித்துறை 2005ஆம் ஆண்டில் கென்டக்கி மாநிலத்தின் தரகர் ஆணையத்தின் மேல் வழக்கே தொடுத்தது, அத்தடையும் நீங்கியது. வாங்குபவருக்கு வெளிப்படையாகத் தரும் கழிவு வேறு. ஆளைப் பிடித்து அனுப்பியதற்காகத் தொழில் செய்வோர் தமக்குள் மறைவாகக் கொடுத்து வாங்கும் கையூட்டு வேறு. பின்னதை 1974ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது.

ஆகவே, "பெறலாமா?" என்ற கேள்விக்கு விடை, "பெறலாம்" என்பதே. "மறைக்கலாமா?" என்பது தனிக் கேள்வி. அதற்குச் சட்டம் தரும் விடை கடுமையானது. கடன் பெறும்பொருட்டு வங்கியிடம் தெரிந்தே பொய்யான கூற்றைச் சொல்வது அமெரிக்க நடுவண் சட்டப்படி குற்றம். அதற்கு 10,00,000 டாலர் வரை தண்டமும் 30 ஆண்டுகள் வரை சிறையும் விதிக்க இடமுண்டு. எல்லோருக்கும் அவ்வளவு தண்டனை கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. அந்த உயர்ந்த எல்லையே, அச்சமுதாயம் இப்பிழையை எத்தகையதாகக் கருதுகிறது என்பதைக் காட்டும்.

அப்படிக் கருதக் காரணமும் உண்டு. 2008ஆம் ஆண்டில் அந்நாட்டு வீட்டுக் கடன் அமைப்பு நிலைகுலைந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். அவ்வாண்டு செப்டம்பரில் ஃபேனி மே, ஃபிரெடி மாக் ஆகிய இரண்டையுமே அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. அவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. எழுதிய விலை ஒன்று, மறைவில் திரும்பிய பணம் வேறு என்ற வகை மோசடிகளும் அக்காலத்தில் நிறைய வெளிப்பட்டன. அதன் பின்னர் 2010இல் புதிய சட்டம் வந்தது. 2015ஆம் ஆண்டு அக்டோபர் முதல், கிரயத்துக்கு மூன்று வேலை நாட்களுக்கு முன்பே ஐந்து பக்கக் கணக்குப் படிவம் ஒன்று கடன் வாங்குவோர் கையில் சேர வேண்டும் என்ற ஏற்பாடும் நடைமுறைக்கு வந்தது. அதன் மூன்றாம் பக்கத்தில், விற்பவர் அல்லாத பிறர் தரும் தொகைகளைக் காட்டுவதற்கென்றே இடம் இருக்கிறது. தரகர் தரும் கழிவை எழுத வேண்டிய இடமும் அதுவே.

மறுநாள் மாணவரை நானே அழைத்தேன். போட்ட கணக்கை வரிவரியாகச் சொன்னேன். "தம்பி, அந்த 8,000 டாலர் நேர்மையான பணம் என்றால், அதை எழுதுவதற்கு ஓர் இடம் இருக்கும். எழுத இடமில்லாத பணத்தை மட்டும் வாங்காதே" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பின்னர், "நாள் நெருங்கிவிட்டது, ஐயா. இப்போது சொன்னால் விற்பவர் காத்திருப்பாரோ, வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவாரோ" என்றார். அந்த அச்சம் பொய்யன்று. அவரும் அவர் மனைவியும் ஓராண்டாகத் தேடிக் கண்ட வீடு அது. இழந்தால் என்ன சொல்லித் தேற்றுவது என்று எனக்கும் தெரியவில்லை. நான் சொன்ன சொல்லால் அவ்வீடு கைநழுவிப் போய்விடுமோ என்று அன்றிரவு எனக்கும் உறக்கம் வரவில்லை.

அவர் வங்கி அலுவலருக்கு எழுத்து மூலம் தெரிவித்தார். அலுவலர் சினங்கொள்ளவில்லை; கணக்கைத் திருத்தினார். விற்பவர் தருவது 8,000, தரகர் தருவது 8,000, ஆக 16,000. வரம்போ நூற்றுக்கு 3, அதாவது 12,000. தாண்டியது 4,000. அதை விலையிலிருந்து கழித்தால் 3,96,000. அதில் நூற்றுக்கு 95 பங்கு, 3,76,200. ஆகவே கடனில் 3,800 டாலர் குறைந்தது. அத்தொகையை மாணவர் தம் கையிலிருந்து போட வேண்டியதாயிற்று. கிரயம் ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. விற்பவர் காத்திருந்தார். படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் தரகரின் கழிவு முழுவதும் எழுதப்பட்டது. முழுவதும் மாணவருக்கே கிடைத்தது.

இப்போது இலாப நட்டத்தைப் பாருங்கள். மறைத்திருந்தால் அவருக்குக் கூடுதலாகக் கிடைத்திருப்பது என்ன? 3,800 டாலர். அதுவும் வருமானமன்று, வட்டியோடு திருப்பித்தர வேண்டிய கடன். அந்தக் கடனுக்காக ஒரு பொய்யின் கீழ்க் கையொப்பமிட்டு, வீட்டின் சுவருக்குள் அதை வைத்துப் பூசியிருப்பார். கழிவுப் பணம் போகவில்லை, வீடும் போகவில்லை. பெற்றோரின் பயணம்தான் தள்ளிப்போயிற்று. கையிருப்பைத் திரட்டிக்கொண்டு, அடுத்த ஆண்டில் அவர்களை அழைத்துச் சென்றார்.

தரகு முறையும் இப்போது மாறி வருகிறது. அந்நாட்டுத் தேசிய ரியல்டர்கள் சங்கம் வழக்கொன்றில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 17 முதல், தரகர் வீட்டைக் காட்டுவதற்கு முன்பே தம் ஊதியம் எவ்வளவு என்பதை வாங்குபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். ஊதியத்தைப் பற்றிய பேச்சு வெளிச்சத்துக்கு வருந்தோறும், கழிவைப் பற்றிய பேச்சும் வெளிச்சத்துக்கு வரும் என்று எதிர்பார்க்கலாம்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் நாளை வீடு வாங்குவீர்கள், கடன் பெறுவீர்கள், உள்ளூரிலோ வெளிநாட்டிலோ பல படிவங்களில் கையொப்பமிடுவீர்கள். சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறும். வரம்புகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவற்றையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். "இதை இன்னாருக்குச் சொல்ல வேண்டியதில்லை" என்று ஒருவர் உங்களிடம் சொல்லும்போது, அந்த இன்னார் எதை நம்பி முடிவு செய்கிறார் என்று பாருங்கள். அவருடைய முடிவு நீங்கள் மறைக்கப்போகும் செய்தியால் மாறக்கூடியதாயின், அதை அறியும் உரிமை அவருக்கு உண்டு. மாறாததாயின், சொல்வதால் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் சொல்வதே வழி.

கணக்குத் தேர்வில் விடை சரியாக இருந்தும் வழியைக் காட்டாத மாணவருக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்ததில்லை. அதற்காக என்மேல் வருந்தியவர்கள் பலர். வட கரோலினாவிலிருந்து அழைத்த அம்மாணவரும் அவர்களுள் ஒருவர். அவர் இம்முறை வழியையும் எழுதிக் காட்டிவிட்டார்.