கழுத்தில் தொங்கிய கோல்

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஆங்கிலவர் கடல் கடந்து நாடு பிடித்த கதையை நாம் அறிவோம். ஆயினும், பிறரை அடிமைப்படுத்தும் தொழிலை அவர்கள் முதற்கண் பயின்ற இடங்களுள் ஒன்று, அவர்தம் வாயிலண்டை நாடாகிய அயர்லாந்தே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

1366-ஆம் ஆண்டில் கில்கென்னி நகரிற் கூடிய மன்றம், அங்குக் குடியேறிய ஆங்கிலவர் ஐரிசு மொழியைப் பேசலாகாது என்று சட்டஞ் செய்தது. ஏன்? வென்றவர், தோற்றவர் மொழியிற் கரைந்துகொண்டிருந்தனர்! பின்வந்த நூற்றாண்டுகளில் நிலம் பறிபோயிற்று. மொழி உழவர் குடிசைகளில் உயிர்த்திருந்தது.

1831-இல் ஆங்கில அரசு நாடெங்கும் தொடக்கப் பள்ளிகளைத் திறக்கத் தொடங்கிற்று. அவற்றில் ஐரிசு ஒரு பாடமாகக்கூட இல்லை. அந்நூற்றாண்டில் வழங்கிய ஒரு வழக்கத்தைக் கேளுங்கள். பிள்ளையின் கழுத்தில் ஒரு சிறுகோலைக் கட்டித் தொங்கவிடுவர். அப்பிள்ளை தாய்மொழியில் வாய் திறக்குந்தோறும் கோலில் ஒரு வெட்டு. வெட்டுகளை எண்ணி ஆசிரியர் அடிப்பார். வீட்டில் வெட்டியவர் யார்? பெற்றோர்! தாமே ஆங்கிலம் அறியாத தாயும் தந்தையும்! எந்தச் சட்டமும் அவர்களை அவ்வாறு பணிக்கவில்லை. ஆங்கிலமே பிழைப்பு என்று அவர்கள் நம்பும்படி நாட்டை வைத்திருந்தனர் ஆள்வோர். அப்பெற்றோரை வைய எனக்கு நா எழவில்லை. 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்குப் பயிர் அழுகிய பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலக்கம் பேர் மடிந்தனர். அதே அளவினர் கப்பலேறினர். ஐரிசு பேசிய மேற்குப் பகுதி ஏழையரையே அது மிகக் கொடுமையாகத் தாக்கிற்று. அந்நாளிலும் அங்கு விளைந்த கூலம் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

தலைவர்களை விடுவதற்கில்லை. ஐரிசையே தாய்மொழியாகக் கொண்ட தானியேல் ஓ கானல், அம்மொழி மறைவதைப் பெருமூச்சின்றித் தம்மாற் காணவியலும் என்றார்!

1893-இல் தக்ளசு ஐடு, ஓயின் மாக் நீல் முதலியோர் கேலிக்குக் கழகத்தை நிறுவினர். ஐடு, கிறித்தவக் குரு ஒருவரின் மகனார். ஊர் எளியோரிடம் ஐரிசு கற்றவர். கழகத்தார் ஊர்தோறும் வகுப்பு நடத்தினர்.

வண்டி உடையவர் தம் பெயரைப் படிக்கத்தக்க எழுத்தில் வண்டியின்மேற் பொறிக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். தொனகல் பகுதிப் பாவலரொருவர் தம் பெயரை ஐரிசு எழுத்திற் பொறித்தார், தண்டம் விதித்தனர். 1905-இல் அவ்வழக்கு டப்லின் உயர்மன்றத்துக்கு வந்தபோது, அவருக்காக எழுந்து பேசியவர் இளைஞர் பேட்ரிக்குப் பியர்சு. வழக்குத் தோற்றது. ஒரு மாந்தன் தன் நாட்டில், தன் வண்டியில், தன் பெயரைத் தன் எழுத்தில் எழுதினால் அது எழுத்தன்று! 1916-ஆம் ஆண்டு எழுச்சிக்குத் தலைமை தாங்கிய அதே பியர்சை ஆங்கில அரசு சுட்டுக் கொன்றது.

1922-இல் அமைந்த விடுதலை அரசு ஐரிசை நாட்டுமொழியாக்கிற்று. 1938-இல் ஐடே முதற் குடியரசுத் தலைவரானார். பாதைப் பலகைகளில் ஐரிசு ஏறிற்று; பள்ளிகளிற் கட்டாயப் பாடமுமாயிற்று.

ஆனால் வீடு? பஞ்சம் முடியுந் தறுவாயில், 1851-இல் எடுத்த கணக்கில், தீவு முழுவதும் 15 இலக்கம் பேர் ஐரிசு பேசினர். 2022-இல் குடியரசில் எடுத்த கணக்கில், அம்மொழி பேசத் தெரியும் என்றோர் 18 இலக்கத்துக்கு மேல். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேரே.