இரு கயிறு கட்டிய தோணி



மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு தோணியை இரு கயிறுகளாற் கட்டியிருப்பதாகக் கொள்வோம். ஒன்று அறுந்தாலும் தோணி நிற்கும். இரண்டும் அறுந்தால் நீரோட்டம் இழுத்துச் செல்லும். நம் உடற்கலங்களின் நிலையும் அத்தகையதே. கலம் கட்டின்றிப் பெருகாது தடுக்கும் பரம்பரையலகுகளை அன்னைவழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாகப் பெறுகின்றோம். இரண்டும் பழுதுறின் புற்று தோன்றும் என்னும் கருத்தை, குழந்தைகளின் விழித்திரைப் புற்றை ஆராய்ந்து, 1971-இல் அமெரிக்க மருத்துவர் அல்பிரட் நட்சன் வெளியிட்டார். 1979-இல் கண்டறியப்பெற்ற பி 53 என்னும் புரதம் இத்தகைய காவலருள் தலையாயது. பழுதுற்ற கலத்தை நிறுத்தித் திருத்த வழிசெய்வதும், திருந்தாததை மாய்ப்பதும் அதன் பணி.

இக்கயிறுகளை அறுப்பவற்றுள் பாக்கும் புகையிலையும் உள. பாக்கு புற்று விளைப்பதென அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் வெளியிட்ட அறிக்கை உறுதி கூறிற்று. இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோயே.

வெற்றிலை வட்டா நீட்டி விருந்தினரை வரவேற்பது நம் மரபு. என் இல்லத்து வட்டாவில் இப்பொழுது கற்கண்டும் ஏலமுமே உள. வட்டாவை மறுத்தல் உறவை மறுத்தலன்று. வாயில் இரு வாரத்துள் ஆறாத புண்ணோ வெண்படலமோ கண்டால், நாணாது மருத்துவரை நாடுங்கள். கரையருகே நிற்கும் தோணியை மீட்பது எளிதன்றோ?