ஆங்கிலத்துக்கு மேலே ஒரு தமிழ் வரி

(தாம்பரம் பகுதி குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



'ஆங்கிலம் கற்பித்தலில் புதிய உத்திகள்' என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். புதிய உத்தி என்று சொல்லிக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நோட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருடைய வகுப்பிலும் அந்த நோட்டு இருக்கும். ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் சின்னதாகத் தமிழில் எழுதி வைத்திருக்குமே, அதே நோட்டுதான்.

நான் வேலைக்கு வந்த புதிதில் அப்படி எழுதினால் எனக்குக் கோபம் வரும். ரப்பரை எடுத்து அழிக்கச் சொல்வேன். "தமிழ்ல எழுதி வச்சுக்கிட்டா இங்கிலீஷ் எப்படி வரும்?" என்று கேட்பேன். இந்த மாணவியையும் வகுப்பு முன்னால் நிற்கவைத்து அழிக்கச் சொன்னேன். அழித்தாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் ஆங்கிலப் பாடவேளையில் அவள் வாயைத் திறக்கவில்லை. நோட்டு சுத்தமாகிவிட்டது என்று நான் திருப்தியாக இருந்தேன்.

அப்புறம் அவளுடைய அம்மா வந்தார். மெப்ஸில் ஒரு கம்பெனியில் வேலை; ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். "மிஸ், தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணாவதுலேர்ந்து இங்கதான் படிக்கிறா. மாத்திரை அட்டையில என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுடின்னா முழிக்கிறா. டி.சி. குடுத்துடுங்க" என்றார். எனக்கு ரோஷம். அவர் எதிரிலேயே பாடப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கடகடவென்று படித்தாள். அம்மாவின் முகம் மலர்ந்தது. எனக்குத்தான் ஏதோ உறுத்தியது. மெதுவாகப் பக்கத்தைத் திருப்பினேன். அவள் முந்தைய பக்கத்தையே தொடர்ந்து ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

அரையாண்டு வரைக்கும் பொறுங்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாமலேதான் கேட்டேன்.

அன்று மாலை அவளுடைய பழைய நோட்டு ஒன்றை வாங்கிப் பார்த்தேன். அழிக்கப்படாத நோட்டு. அதில் ஒரு பக்கத்தில் நான்கு வெவ்வேறு ஆங்கிலச் சொற்களுக்கு மேலே ஒரே தமிழ் வரி: பேக், பேக், பேக், பேக். ஒன்று தோளில் மாட்டுகிற பை. ஒன்று முதுகு. ஒன்று மூட்டை கட்டுவது. ஒன்று அடுப்பில் ரொட்டி சுடுவது. இன்னொரு பக்கத்தில் பூனைக்கும் கேட். பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் பூட்டுகிறாரே, அதற்கும் கேட். மழைக்குப் போடுகிற கோட்டும் புல் மேய்கிற ஆடும் ஒரே எழுத்தில்.

அவள் சோம்பேறித்தனத்தால் எழுதவில்லை. காதில் விழுந்ததைத் தனக்குத் தெரிந்த ஒரே கருவியால் பிடித்துவைக்கப் பார்த்திருக்கிறாள். அந்தக் கருவிக்கு இந்த வேறுபாட்டைக் காட்டும் வசதி கிடையாது. தமிழில் ப என்பது ஒரே எழுத்து. இடத்தைப் பொறுத்து அதன் ஒலி மாறும். ஆங்கிலத்தில் அந்த இரண்டு ஒலிக்கும் இரண்டு எழுத்து. போதாக்குறைக்கு, எழுத்தின் பெயரையும் நாம் ஒன்றாகவே சொல்கிறோம். ஆங்கில எழுத்து வரிசையில் இரண்டாவதும் 'பி', பதினாறாவதும் 'பி'. பிள்ளை என்ன செய்யும்?

எங்கள் பள்ளித் தமிழாசிரியை இல்லாவிட்டால் நான் இங்கேயே நின்றிருப்பேன். மதிய உணவு நேரத்தில் நோட்டைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "டீச்சர், 'பல்'லுன்னு சொல்லுங்க, 'தம்பி'ன்னு சொல்லுங்க. ரெண்டு ப-வும் ஒண்ணாவா இருக்கு?" என்றார். சொல்லிப் பார்த்தேன். தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள், நீங்களும் உணர்வீர்கள். 'தம்பி'யில் ம்-ஐ அடுத்து வரும் ப அதிர்கிறது. 'தங்க'த்தில் வரும் க-வும், 'வண்டி'யில் வரும் ட-வும் அப்படியே. நம் பிள்ளைகள் பேசத் தொடங்கிய நாள் முதல் இந்த ஒலிகளைச் சரியாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த நாள் கரும்பலகையில் மூன்று சொல் எழுதினேன்: தம்பி, தங்கம், வண்டி. தோளில் மாட்டுகிற பை, 'தம்பி ப்'-இல் தொடங்கித் 'தங்க க்'-இல் முடிகிறது. முதுகு, 'தம்பி ப்'-இல் தொடங்கிச் சாதாரண 'க்'-இல் முடிகிறது. மூட்டை கட்டுவதற்கு இரண்டுமே சாதாரணம். பிள்ளைகள் இதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். "மிஸ், பால் தம்பியா, சாதாவா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். (உதைக்கிற பந்தா, கம்பமா என்பது கேள்வி.) இப்போது எங்கள் வகுப்பில் 'தம்பி பி', 'சாதா பி' என்பதுதான் அந்த எழுத்துகளின் பெயர். பார்வைக்கு வருகிற அலுவலர்கள் கொஞ்சம் குழம்புகிறார்கள்.

இதற்குப் பெரிய உதவியாக இருந்தது நம் ஊர் ரயில் பாதை. தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை எத்தனை நிலையம் என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஒவ்வொரு பலகையிலும் தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று மூன்று வரி. நாம் காசு கொடுத்து வாங்கும் அட்டைகளைவிட நல்ல ஒலிப்பு அட்டவணை அது. தாம்பரம் என்பதிலேயே ம்-க்குப் பின்னால் 'தம்பி பி' வந்துவிடுகிறது. பல்லாவரத்தில் 'சாதா பி'. கோடம்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் க சாதா, ட அதிர்கிறது, ம்-க்குப் பின்னால் தம்பி, கடைசியில் இரட்டை க் சாதா. ஒரே ஊரில் முழுப் பாடமும் முடிந்துவிடும். நுங்கம்பாக்கத்தில் தங்கமும் தம்பியும் சேர்ந்தே வருகிறார்கள். கிண்டி மட்டும் விதியை மீறி முதல் எழுத்திலேயே அதிரும். அதைக் கண்டுபிடித்தவன் கடைசி வரிசைப் பையன். குரோம்பேட்டையின் முன்பாதியும் சானடோரியமும் ஆங்கிலச் சொற்கள் என்பதே பலருக்குத் தெரியாது. முன்பு இருந்த குரோம் தோல் தொழிற்சாலையையும், 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையையும் பற்றிச் சொன்னபோது சமூக அறிவியல் பாடவேளையும் சேர்ந்து போய்விட்டது. அந்த ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இன்னொரு பிரச்சினை, எல்லாச் சொல்லுக்கும் பின்னால் ஓர் உகரத்தைச் சேர்ப்பது. புக்கு, பஸ்ஸு, கப்பு. இதற்கும் பதில் தமிழ் இலக்கணத்தில்தான் இருக்கிறது. தமிழில் வல்லின மெய் சொல்லுக்குக் கடைசியில் நிற்காது. குற்றியலுகரம் ஏறி உட்காரும். பாக்கு, பாட்டு, காற்று. அதே பழக்கத்தில் பிள்ளை புக்கு என்கிறது. "தப்பு" என்று தலையில் குட்டுவதற்குப் பதில், "ஆங்கிலத்தில் புள்ளியோடு நிறுத்தலாம்" என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். எழுத்துக்கூட்டலும் அப்படியே. ப்-உம் ஆ-உம் சேர்ந்தால் பா என்பது ஒன்றாம் வகுப்பிலேயே தெரிந்த பிள்ளையிடம் எழுத்துகளின் பெயரைச் சொல்லி 'சி, ஏ, டி' என்றால் பூனை எங்கிருந்து வரும்? ஆங்கில மெய்களைப் புள்ளி வைத்த எழுத்தாக ஒலித்துக் காட்டினால், உயிர்மெய் கற்ற பிள்ளை தானே சேர்த்துக்கொள்கிறது. 2022-இல் எண்ணும் எழுத்தும் வந்தபிறகு தொடக்க வகுப்புகளில் ஒலிகளிலிருந்து தொடங்குகிறோம். நான் சொல்வது அதைத் தவறவிட்டு ஆறு, ஏழு, எட்டுக்கு வந்துவிட்ட பிள்ளைகளைப் பற்றி.

வகுப்பில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் நால்வர் இருக்கிறார்கள். கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். தமிழே அவர்களுக்குப் புது மொழி. அதனால் எப்போதும் பின்வரிசை. ஆனால் அவர்களுடைய எழுத்தில் இந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. நம் பிள்ளைகள் திணறுகிற இடத்தில் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். அதில் ஒரு பையனை 'தம்பி - சாதா' விளையாட்டுக்கு நடுவராக வைத்தேன். அதுவரை அவனோடு பேசாதவர்கள் எல்லாம் அவனைச் சுற்றி நின்றார்கள். பதிலுக்கு அவர்கள் அவனுக்கு ழ-வும் ற-வும் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளைக்குப் பிள்ளை கற்பிப்பது நமக்குப் புதிதல்ல. 1789-இல் எழும்பூர் ஆண்கள் அனாதை இல்லப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இங்கே திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அமைத்தார். இங்கிலாந்து போய் 1797-இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில்தான் அது உலகம் சுற்றியது.

ஒலி வந்துவிட்டால் மொழி வந்துவிடுமா? வராது. இங்கேதான் என். எஸ். பிரபுவைச் சொல்ல வேண்டும். பி.எட். படித்தபோது அவர் பெயரை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தேன், இப்போதுதான் புரிந்துகொண்டேன். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை செய்து பார்த்தார். அதற்கு முன்னால், 1950-களின் கடைசியில், இதே சென்னை மாநிலத்தில் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் பெரிய முயற்சி ஒன்று நடந்தது. பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குப் பயிற்சி தரும், பனிப்பந்து உருள்வது போன்ற ஏற்பாடு. வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் முறை. நம்மில் மூத்தவர்கள் அப்படித்தான் ஆங்கிலம் படித்தோம். பிரபு அதைத் திருப்பிப் போட்டார். இலக்கணப் பட்டியல் வேண்டாம், பிள்ளை மூளையைச் செலவழித்துத் தீர்க்கவேண்டிய ஒரு வேலையைக் கொடு என்றார். வரைபடம், ரயில் கால அட்டவணை, பயணத் திட்டம். கவனம் பொருளில் இருக்கும்போது மொழி உள்ளே இறங்கும் என்பது அவர் வாதம்.

நான் கரும்பலகையில் ஆறு மின்சார ரயிலின் நேரத்தை எழுதினேன். "பாட்டி எழும்பூரில் பத்து மணிக்கு இறங்குகிறார். கூட்டிவரப் போகிறவர் தாம்பரத்தில் எந்த வண்டியைப் பிடிக்கவேண்டும்?" கேள்வி ஆங்கிலத்தில். முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு கணக்கு. பிறகு தனித்தனியாக ஒன்று. பதில் ஒரு சொல்லாக வந்தாலும் போதும். யோசிக்கத் தமிழில் பேசிக்கொண்டார்கள்; விட்டுவிட்டேன். ஒரு விஷயத்தில் மட்டும் பிரபுவோடு எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகளைக் குழுவாக உட்காரவைப்பதை அவர் விரும்பவில்லை; தவறான ஆங்கிலத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் பிடித்துக்கொள்வார்கள் என்று அஞ்சினார். நாற்பது பேர் வகுப்பில் தனியாக விட்டால் பத்துப் பேர்தான் செய்கிறார்கள். இரண்டிரண்டு பேராக விட்டால் முப்பது பேர் செய்கிறார்கள். தப்பு ஆங்கிலம் பரவினால் பரவட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012-13 முதல் நம் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாக வந்தன. தமிழ்வழியில் படித்து வந்த நம்மில் பலர் மறுநாள் காலையிலிருந்து ஆங்கிலவழி ஆசிரியர்களாகிவிட்டோம். எனக்கு ஆங்கிலத்தில் பேசப் பயம். இன்றைக்கும் உண்டு. பாட ஆசிரியர் கையேட்டில் நானும் சில சொற்களுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதி வைத்திருந்தேன். அந்த மாணவியை அழிக்கச் சொன்ன அதே ஆண்டில்தான்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து அந்த அம்மா வந்தார். இந்த முறை பாடப் புத்தகம் இல்லை. அவரே கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். அவள் பெரிய எழுத்தில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். தேதியைப் படித்தாள். சின்ன எழுத்தில் இருந்ததைப் படிக்கத் தெரியவில்லை; எனக்கும் அதில் பாதி தெரியவில்லை. டி.சி. கேட்கவில்லை. ஆனால் தம்பியை ஜூனில் தனியார் பள்ளியில்தான் சேர்த்தார். முழு வெற்றி என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

அவள் இன்னமும் மேலே தமிழில் எழுதுகிறாள். இப்போது கீழே சின்னதாக ஒரு கோடு போட்டுக்கொள்கிறாள். கோடு போட்ட ப என்றால் தம்பி. அது அவளாகவே கண்டுபிடித்தது. நான்கு பேக்கில் மூன்று தனித்தனியாகிவிட்டன. ரொட்டி சுடுகிற பேக்கும் முதுகும்தான் இன்னும் ஒன்றாகவே இருக்கின்றன, ஏனென்றால் அங்கே சிக்கல் மெய்யில் இல்லை, உயிரில். கெட்டதும் கட்டிலும்கூட அப்படித்தான் குழம்புகின்றன. ஏ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒலிக்கு 'தம்பி' போல ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சேலையூர்ப் பள்ளியிலிருந்து வந்திருக்கும் சார் ஒருவர் ஆட்டுக்குட்டி கத்துவதைப் பயன்படுத்துவதாகக் காலையில் சொன்னார். தேநீர் இடைவேளையில் அதைக் கத்திக் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ரயில் நிலையப் பெயர் அட்டைகள் பின் மேசையில் இருக்கின்றன, நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.