குழந்தையின் இரவு



பிறந்த குழந்தைக்கு இரவுமில்லை, பகலுமில்லை. நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் அது உறங்கும். எனினும் அவ்வுறக்கம் துண்டு துண்டாகவே அமையும். அதன் இரைப்பை மிகச் சிறிது. தாய்ப்பாலோ விரைவிற் செரிப்பது. ஆதலால் இரண்டு மூன்று மணிக்கொரு முறை பசித்து அழுகிறது. இரவையும் பகலையும் பிரித்தறியும் ஆற்றல் இரண்டு மூன்று மாதங்களிலேதான் அதன் உடலில் மெல்ல அமைகின்றது.

இதனை அறியாதோர், "பால் போதவில்லை, அதுதான் பிள்ளை உறங்கவில்லை" என்று கூறிப் புட்டிப்பாலும் பிசைந்த விசுக்கோத்தும் கொடுக்க முற்படுவர். அது தவறு. குழந்தை நாளில் ஆறு முறைக்குக் குறையாமற் சிறுநீர் கழித்து, கிளினிக்கில் நிறுக்கும்போது நிறையும் ஒழுங்காக ஏறி வருமாயின், பால் போதுமென்றே கொள்ளலாம். ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலே போதிய உணவு. வசம்பு உரைத்து ஊட்டுவதும், உறக்க மருந்து கொடுப்பதும் உயிருக்கே ஊறு விளைவிக்கலாம்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? பகலிற் குழந்தையை வெளிச்சமுள்ள விறாந்தையிலே வைத்துப் பேசிச் சிரித்து விளையாட்டுக் காட்டுங்கள். இரவிலோ விளக்கைத் தணித்து, பேச்சின்றிப் பாலூட்டிக் கிடத்துங்கள். மாலைதோறும் உடல் துடைத்தல், பாலூட்டல், ஓராட்டுப் பாடுதல், கிடத்தல் என்னும் ஒழுங்கு மாறாதிருக்கட்டும். சில வாரங்களில் அவ்வொழுங்கே உறக்கத்திற்கு அழைப்பாகிவிடும்.

அமிர்தகழி போன்ற வாவிக்கரை ஊர்களிலே, கச்சான் காற்று வீசும் ஆனி ஆடி மாதங்களில் வெக்கை மிகும். அக்காலத்தில் மெல்லிய பருத்திச் சட்டையொன்றே போதும், தலையை மூடவேண்டாம். பிடரியைத் தொட்டால் வியர்வை இருக்குமாயின் குழந்தைக்கு வெப்பம் மிகுந்ததென்பது பொருள். நுளம்பு வலையை நான்கு புறமும் இறுகச் செருகிவிடுங்கள்.

ஏணையைப் பற்றியும் ஒரு சொல். சேலைத் துணி தொய்யும்போது இளங்குழந்தையின் கழுத்து மடிந்து, நாடி நெஞ்சில் அழுந்தி, மூச்சு தடைப்படக்கூடும். ஆகவே ஒருவர் விழித்திருந்து பார்க்கையில் மாத்திரம் ஆட்டலாம். இராக்காலத்தில் தலையணையற்ற, சமமான, தொய்யாத படுக்கையிலே மல்லாந்து கிடத்துவதே பாதுகாப்பு. 1994இல் அமெரிக்காவிலே மல்லாந்து கிடத்தும்படி பெற்றோரை வற்புறுத்தும் இயக்கம் தொடங்கியபின், உறக்கத்திற் காரணமின்றி நேரும் குழந்தை மரணங்கள் சில ஆண்டுகளில் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தன.

இனி, தாயின் உறக்கம். மணமான பெண் தன் தாய்வீட்டிலோ அதன் அயலிலோ வாழும் வழக்கம் மட்டக்களப்பிற்கு வாய்த்த பெரும்பேறு. விடியற்காலைப் பாலூட்டியதும் அம்மம்மா குழந்தையை வாங்கிக்கொண்டால், தாய் இரண்டு மணி நேரம் அயர்ந்து உறங்கலாம். தந்தையும் ஒரு சாமம் விழித்திருத்தல் கடமையே. உறக்கமிழந்த தாயின் சோர்வு மனநோயாகவும் முற்றக்கூடும். காரணமற்ற அழுகையும் வெறுப்பும் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால், அதனை மறையாது குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலோ, எந்தக் குழந்தையேனும் பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, எழுப்பியும் எழாதிருந்தாலோ விடியும்வரை காத்திராது வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லுங்கள். மற்றைய இரவுகளிற் பொறுமையே மருந்து. மாதங்கள் செல்லச்செல்லக் குழந்தையின் இரவு நீளும். வீட்டாரின் உறக்கமும் அதனோடு நீளும்.