சுருட்டு மேசையும் வாசிப்பவர் நாற்காலியும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

இன்று சுருட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். இலக்கிய நிகழ்ச்சியில் சுருட்டுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். புகையிலை உயிரைக் குடிக்கும் என்பதை மருத்துவம் ஐயமற நிறுவிவிட்டது. அதன் புகழ் பாட நான் வரவில்லை. சுருட்டுச் சுற்றிய கைகளையும், அந்தக் கைகளுக்குத் துணையாயிருந்த ஒரு குரலையும் பற்றிச் சொல்லவே வந்தேன்.

கியூபாவின் தலைநகரான ஹவானாவில் 1999ஆம் ஆண்டு ஒரு சுருட்டு விழா தொடங்கியது. 'ஹபானோ விழா' என்பது அதன் பெயர். கொள்ளை நோய்க் காலத்தில் 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகள் ஆட்கள் நேரில் கூடவில்லை. 2023இல் மீண்டும் கூடினார்கள். உலகெங்குமிருந்து வியாபாரிகளும் செல்வந்தர்களும் வருகிறார்கள். பினார் டெல் ரியோ மாகாணத்துப் புகையிலைத் தோட்டங்களைப் பார்க்கிறார்கள். பேர்போன சுருட்டுத் தொழிற்சாலைகளைச் சுற்றி வருகிறார்கள். கடைசி இரவில் பெரிய விருந்து. அதில் சுருட்டு நிரப்பிய அலங்காரப் பேழைகள் ஏலத்துக்கு வரும். 2024இல் அந்த ஏலத்தொகை மட்டும் 1 கோடியே 70 இலட்சம் யூரோவைத் தாண்டியது. அந்தப் பணம் நாட்டின் மருத்துவ சேவைக்குப் போகிறது. புகையை விற்று மருந்து வாங்கும் இந்த விசித்திரத்தை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆனால் என் மனம் அந்த விருந்தில் நிற்கவில்லை. தொழிற்சாலையின் உள்ளே நிற்கிறது. வரிசை வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு தொழிலாளி. இலையை விரித்து, அளவாக வெட்டி, கையாலேயே சுற்றுகிறார். கூடத்தின் ஒரு புறத்தில் உயரமான மேடை. அதில் ஒரு நாற்காலி. அங்கிருந்து ஒருவர் உரத்து வாசித்துக்கொண்டிருக்கிறார். காலையில் பத்திரிகை, பிறகு நாவல். கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது!

இந்த வழக்கம் 1865ஆம் ஆண்டின் இறுதியில், ஹவானாவில் 'எல் ஃபிகாரோ' என்ற தொழிற்சாலையில் தொடங்கியது. இதற்காக முயன்றவர்களில் முக்கியமானவர் சத்துர்னினோ மார்த்தினெஸ். அவர் ஒரு சுருட்டுத் தொழிலாளி, கவிஞருங்கூட. தொழிலாளர்களுக்கென்றே 'லா அவுரோரா' என்ற பத்திரிகையை நடத்தியவர். வாசிப்பவரைத் தொழிலாளர்களே தெரிவு செய்தார்கள். எந்தப் புத்தகம் என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். வாசிப்பவரின் கூலியை முதலாளி கொடுக்கவில்லை. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து ஆளுக்கொரு சிறு தொகை எடுத்துக் கொடுத்தார்கள். வாசிப்புப் பிடித்துவிட்டால் இலை வெட்டும் கத்தியை மேசையில் தட்டுவார்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டல். ஆறு மாதம் கூட ஆகவில்லை, ஸ்பானிய ஆட்சி 1866இல் இதற்குத் தடை விதித்தது. கேட்கிற காதுக்கு ஆட்சியாளர் அத்தனை அஞ்சினார்கள். தடை வந்தது, போனது. வாசிப்பு நின்றது, மறுபடி எழுந்தது. 2012இல் கியூபா அதைத் தன் தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. இன்று விலை உயர்ந்த சுருட்டுப் பெட்டிகளில் 'மொன்டே கிறிஸ்டோ', 'ரோமியோ ஜூலியட்' என்ற பெயர்களைக் காண்கிறோம். ஒன்று டூமாவின் நாவல், மற்றது ஷேக்ஸ்பியரின் நாடகம்.

அது தூர தேசத்துக் கதை. ஆனால் சுருட்டு என்ற சொல் நம்முடையது. ஆங்கிலத்தில் 'செரூட்' என்பது நம் சுருட்டிலிருந்து பிறந்த சொல். சிங்களத்திலும் 'சுருட்டு' என்றே வழங்குகிறது. 1887இல் வெளிவந்த முதலாவது ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார்.

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் வளர்ந்த புகையிலை, ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குப் போயிற்று. அந்தச் சந்தை சுருங்கியபோது, சுருட்டாகித் தென்னிலங்கைக்கு வந்தது. அதனோடு யாழ்ப்பாணத்துச் 'சுருட்டுக்கடை'யும் சிங்கள ஊர்களுக்கெல்லாம் வந்தது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் பத்திரிகையோ கதைப்புத்தகமோ வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள் என்று பழையவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேரளத்தில் கண்ணூர்ப் பீடித் தொழிலாளர்களிடமும் இதே வழக்கம் இருந்தது.

எங்கள் தோட்டம் இரத்தினபுரி நகரிலிருந்து நாலு கட்டை தூரம். ரப்பர்த் தோட்டம். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். பிறகு ஆளுக்கொரு வரிசை மரம் என்று பிரிந்து, பால் வெட்டப் போய்விடுவார்கள். மரத்துக்கு மரம் நடக்கும் வேலை. பக்கத்தில் இருந்து வாசிக்க யாரும் இல்லை. வாசிப்பு என்று எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமையில், நகரத்துச் சுருட்டுக்கடையில்தான்.

என் அப்பாயி சுருட்டுப் பிடிப்பார். ஒரு கட்டுச் சுருட்டு வாங்க நகரத்துக்குப் போகும்போது என்னையும் கூட்டிப் போவார். கடைக்கார ஐயா வேட்டி கட்டி, மூக்குக் கண்ணாடி போட்டவர். கடையில் சுருட்டோடு நல்லெண்ணெய், பனங்கட்டி, ஒடியல் எல்லாம் இருக்கும். பலகையில் தமிழ்ப் பத்திரிகை கிடக்கும். "என்னாய்யா எழுதியிருக்கு?" என்று அப்பாயி கேட்பார். ஐயா உரத்து வாசிப்பார். கடை வாசலில் ஏழெட்டுத் தோட்டத்து ஆட்கள் நின்று கேட்பார்கள். "அந்த எடத்த இன்னொருக்கா படிங்கய்யா" என்று யாராவது சொன்னால், முகம் சுளிக்காமல் மறுபடி வாசிப்பார்.

1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். எஞ்சியவர்களைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். தோட்டங்களில் விண்ணப்பப் படிவம் நிரப்பும் வேலை நடந்தது. அப்பாயியின் தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, யாரோ நிரப்பிக் கொடுத்த தாளில் கைநாட்டு வைத்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை. பின்னால் ஒரு கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு சுருட்டுக்கடைக்குப் போனார்கள். ஐயா மெதுவாக வாசித்தார். சின்னத் தாத்தா இந்தியாவுக்குப் போக விண்ணப்பித்திருக்கிறார் என்பது அன்றுதான் அவருக்கே தெரிந்தது. "இன்னொருக்கா படிங்கய்யா" என்றார். ஐயா இன்னொரு முறை வாசித்தார். எழுத்து மாறவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் சின்னத் தாத்தா குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறினார். அப்பாயி அவரை மறுபடி பார்க்கவேயில்லை.

1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்தில் வன்செயல் நடந்தது. அதன் பிறகு அந்தச் சுருட்டுக்கடை திறக்கப்படவில்லை.

நேயர்களே, வானொலியில் இருந்துகொண்டு நான் மறைக்கக் கூடாத ஒரு செய்தி உண்டு. கியூபாவிலிருந்து போன சுருட்டுத் தொழிலாளர்கள் அமெரிக்காவில், புளோரிடாவின் டாம்பா நகருக்கும் வாசிப்பவரைக் கூட்டிச் சென்றார்கள். அங்கே வாசிப்பவர்கள் தொழிலாளர் உரிமை பற்றிய எழுத்துகளையும் வாசித்தார்கள். முதலாளிமாருக்கு அது பிடிக்கவில்லை. 1931இல் வாசிப்பவர்களை வெளியேற்றினார்கள். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தும் பயனில்லை. வாசிப்பவர் இருந்த இடத்துக்கு முதலாளிமார் எதைக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? வானொலிப் பெட்டியை! அந்தக் காலத்து வாசிப்பாளர் ஒருவரை வைத்து நிலோ குருஸ் எழுதிய நாடகம் 2003இல் புலிட்சர் பரிசு பெற்றது.

ஆகவே, நான் இப்போது பேசும் இந்தக் கருவி, ஒரு காலத்தில் ஒரு மனிதரின் நாற்காலியைப் பறித்த கருவி. இதன் பெருமையை நான் குறைக்கவில்லை. லயத்துக்குள் தமிழைக் கொண்டுவந்து சேர்த்ததும் இதுதான். ஆனால் வானொலியிடம் "இன்னொருக்கா படிங்கய்யா" என்று கேட்க முடியாது. டாம்பாத் தொழிலாளர் இழந்தது அதைத்தான். சுருட்டுக்கடை வாசலில் எங்களுக்கு இருந்ததும் அதுதான்.

இன்று தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள், பல்கலைக்கழகத்துக்கும் போகிறார்கள். ஆனாலும் காணிக்கும் சேமலாப நிதிக்கும் வருகிற தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கேட்பது என்று நிற்கும் பெரியவர்கள் சப்பிரகமுவத் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். படித்த பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். அவர்கள் கைநாட்டு வைக்குமுன் அந்தத் தாளை முழுவதும் உரத்து வாசித்துக் காட்டுங்கள். இன்னொரு முறை வாசி என்று சொன்னால், இன்னொரு முறை வாசியுங்கள்.