எஞ்சின் ஒலியும் இரட்டைக்கிளவியும்

எஞ்சின் ஒலியை எழுத்தில் காட்டும் தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் அமைகின்றன: ‘டுபுடுபு’, ‘தடதட’ என அசை இரட்டித்து வருவது ஒன்று, ‘விர்ர்ர்’, ‘டர்ர்ர்’ என மெய்யெழுத்து நீண்டு ஒலிப்பது மற்றொன்று. இவ்விரண்டில் எது வரவேண்டும் என்பதை எழுதுவோரின் விருப்பத்தைவிட எஞ்சினின் வேகமே முடிவு செய்கிறது.

நான்கு வீச்சு எஞ்சினில், அதாவது உறிஞ்சல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் ஆகியவை பிஸ்டனின் நான்கு நகர்வுகளில் முடியும் எஞ்சினில், சுழல்தண்டு இருமுறை சுற்றினால் ஒரு சிலிண்டரில் எரிபொருள் ஒருமுறை எரிகிறது. நீர் இறைக்கப் பயன்பட்ட லிஸ்டர் வகை ஒற்றைச் சிலிண்டர் ஆயில் எஞ்சின் நிமிடத்துக்கு 650 சுற்று ஓடுவதால், நொடிக்கு ஐந்துக்குச் சற்று மேற்பட்ட துடிப்புகளே அதில் எழுகின்றன. செவி அவற்றைத் தனித்தனியே பிரித்துக் கேட்கிறது. துடிப்பு நொடிக்குச் சுமார் இருபதைத் தாண்டும்போது அவை ஒன்றோடொன்று இழைந்து ஒரே இரைச்சலாகிவிடுகின்றன. நான்கு சிலிண்டர் கார் 3000 சுற்றில் நொடிக்கு 100 துடிப்புகளை எழுப்புவதால், அதற்கு இரட்டிப்பு பொருந்துவதில்லை.

இங்கே நேயர்கள் சற்று நின்று நோக்கத்தக்கது இலக்கணம். இரட்டைக்கிளவி என்பது இரட்டித்தே வரும், பிரித்தால் பொருள் தராத சொல் என்று தொல்காப்பியம் வகுத்தது எஞ்சினுக்கும் வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. ஏனெனில் ஒரே ஒரு முறை ‘டுப்’ என்று ஒலித்து அடங்குவது ஓடும் எஞ்சின் அன்று, நின்றுபோன எஞ்சின். ஆயினும் அதே நூல் டகரத்தைச் சொல்லின் முதலெழுத்தாக ஏற்பதில்லை. மெய்யெழுத்து ஓசை நீளும் ஒற்றளபெடைக்கு நன்னூல் தரும் எழுத்துகளிலும் ரகரம் இல்லை. இவ்விரு வரம்புகளையும் ‘டர்ர்ர்’ என்ற ஒரே சொல் கடந்து நிற்கிறது. செவி கேட்டதை எழுத்துக்குக் கொண்டுவர எழுதுவோர் துணிந்ததன் அழகு அது.

உயிரெழுத்தும் பொருளற்று நிற்பதன்று. சைலன்ஸருக்குள் அடங்கி வரும் தாழ்ந்த ஒலிக்கு இதழ் குவிந்த உகரமும், தகடு அதிரும் திறந்த ஒலிக்கு வாய் விரிந்த அகரமும் இயல்பாக அமைகின்றன.  

ஒற்றைச் சிலிண்டர் புல்லட் மோட்டார் சைக்கிள் தெருவில் வேகமெடுக்கும்போது நேயர்கள் செவிகொடுப்பார்களாக: நிமிடத்துக்குச் சுமார் 2400 சுற்றை நெருங்குகையில் அதன் ‘டுபுடுபு’, ‘டுர்ர்ர்’ என மாறிவிடும்.